பின்கட்டுப் பட்டறைக்கு மண்ணுக்கடியில் லைன்: யூஜி கேபிளா, பைப்பில் ஒயரா?

மரத்தூள்:
எல்லோருக்கும் வணக்கம். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கிராமம். முன்னால் வீடு, பின்னால் கொஞ்சம் தென்னை, கடைசியில் ஒரு தகர ஷெட். இதுவரை மட்டையும் தேங்காயும் போட்டு வைத்திருந்த ஷெட்டுக்கு இப்போது தரை போட்டாயிற்று. மரவேலைப் பட்டறையாக மாற்றப் போகிறேன். வியாபாரம் இல்லை, சொந்த ஆசைக்குத்தான்.

மெஷின்கள்: 1.5 ஹெச்பி டேபிள் சா, 1 ஹெச்பி தூசி உறிஞ்சி, அரை ஹெச்பி ட்ரில் பிரஸ், சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின். அது போக லைட், ஃபேன். வீட்டு டிபி பாக்ஸிலிருந்து (லைன்கள் பிரியும் பெட்டி) ஷெட்டுக்கு டேப் வைத்து அளந்தால் 35 மீட்டர் வருகிறது. சிங்கிள் பேஸ் சர்வீஸ். செம்மண் பூமி.

எங்கள் ஊர் ஒயர்மேன் சொல்வது: ஒன்றரை அடி தோண்டி, முக்கால் இஞ்ச் பிவிசி பைப் போட்டு, 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர் இரண்டு இழுத்துவிடலாம். எர்த்துக்கு ஷெட்டிலேயே ஒரு ராடு அடித்தால் முடிந்தது. ஒரே நாள் வேலை என்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருமுறை மூடிய பிறகு திரும்பத் தோண்ட எனக்குத் தெம்பு இல்லை. அதனால் முதலில் இங்கே கேட்கிறேன்.

தென்னந்தோப்பு:
மேலேயே இழுத்துவிட வேண்டியதுதானே? நடுவில் ஒரு ஜிஐ போஸ்ட் நட்டால் செலவு பாதி.

மரத்தூள்:
தென்னைக்கு நடுவிலா அண்ணா? மட்டை விழுந்து கேபிள் டிவி ஒயர் அறுந்ததே போதும்.

கோபி ஒயர்மேன்:
உங்கள் ஒயர்மேனைக் குறை சொல்ல மாட்டேன். தோட்டத்து லைட்டுக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் நீங்கள் போடுவது லைட் இல்லை, மோட்டார்.

2.5 ஸ்கொயர் ஒயரில் ஒரு ஆம்பியருக்கு, ஒரு மீட்டருக்கு, போக வர சேர்த்து சுமார் 18 மில்லிவோல்ட் விழும். 4 ஸ்கொயரில் 11, 6 ஸ்கொயரில் 7.3. எல்லாம் காப்பருக்கு. சாவும் தூசி உறிஞ்சியும் சேர்ந்து ஓடினால் 16 ஆம்பியர் என்று வையுங்கள். 35 மீட்டருக்கு 2.5 ஸ்கொயரில் 10 வோல்ட் போய்விடும். 4 ஸ்கொயரில் 6 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல், 6 ஸ்கொயரில் 4 வோல்ட்.

பத்து வோல்ட் தானே என்று தோன்றும். ஸ்டார்ட்டிங்கைப் பாருங்கள். 1.5 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்து மடங்கு இழுக்கும், 45 ஆம்பியர் சாதாரணம். அப்போது 2.5 ஸ்கொயரில் 28 வோல்ட் காணாமல் போகும். சாயங்காலம் ஊரில் வோல்டேஜே 200 என்றால் மோட்டாருக்குக் கிடைப்பது 170. உறுமிக்கொண்டே நிற்கும், கெப்பாசிட்டர் போகும், கடைசியில் காயில் போகும். அப்புறம் மெஷின் கம்பெனியைத் திட்டுவீர்கள்.

6 ஸ்கொயர் காப்பர் போடுங்கள். இல்லையென்றால் 10 ஸ்கொயர் அலுமினியம். இரண்டுக்கும் ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான், கிலோமீட்டருக்கு 3.08 ஓம்.

குறுக்குக்கேள்வி:
அலுமினியம் பாதி விலை ஆயிற்றே. ஏன் யாரும் போடச் சொல்வதில்லை?

கோபி ஒயர்மேன்:
போடலாம். கேபிளில் பிரச்சினை இல்லை, முனையில்தான். அலுமினியத்தை அப்படியே எம்சிபிக்குள் (கரண்ட் கூடினால் தானாக விழும் சுவிட்ச்) சொருகித் திருகினால் சூட்டில் நசுங்கி லூஸ் ஆகும், வெள்ளை பூத்துவிடும், ஒருநாள் டிபி கருகும். பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் காப்பர் உள்ள முனை) போட்டு, பேஸ்ட் தடவி, சரியான கிரிம்பிங் டூலில் அழுத்த வேண்டும். கட்டிங் பிளேயரால் நசுக்குகிற ஆள் கையில் கொடுப்பதற்குக் காப்பரே போட்டுவிடலாம்.

மரத்தூள்:
சரி, 6 ஸ்கொயர் காப்பர். பைப்பா, நேராக மண்ணில் புதைக்கும் ஆர்மர்டு கேபிளா?

தென்னந்தோப்பு:
பைப்தான் நல்லது. நாளைக்கு ஒயர் போனால் உருவிவிட்டு வேறு இழுக்கலாம். ஆர்மர்டு கேபிளை நேராக மண்ணில் போட்டால் ரிப்பேருக்குத் தோண்டித்தானே ஆக வேண்டும்?

கோபி ஒயர்மேன்:
அது கேட்க நியாயம். ஆனால் 35 மீட்டர், நடுவில் இரண்டு பெண்ட். அதற்குள் மூன்று வருடம் கிடந்த ஒயரை உருவிப் பாருங்கள். பைப்பை எவ்வளவு ஒட்டினாலும் உள்ளே தண்ணீர் சேரும். மழைத் தண்ணீர் வராவிட்டாலும் வெயிலுக்கும் இரவுக் குளிருக்கும் உள்ளே வியர்த்து, தாழ்வான இடத்தில் நிற்கும். வீட்டுச் சுவருக்குள் ஓடும் ஒற்றை ஒயர் அந்தத் தண்ணீரில் வருஷக்கணக்கில் ஊறுவதற்குச் செய்ததில்லை. அது போக எலி. அதற்கும் மேல் கடப்பாரை. பிவிசி பைப்பைக் கடப்பாரை கேட்டுக்கொண்டா குத்தும்?

ஆர்மர்டு என்றால் சுற்றிலும் ஜிஐ கம்பி. மண்வெட்டி பட்டால் சத்தம் வரும், வெட்டுகிறவன் நிறுத்துவான். அப்படியே கம்பியைத் தாண்டி உள்ளே போனாலும் முதலில் எர்த்தைத் தொட்டுவிட்டுத்தான் பேஸைத் தொடும்.

பாதை, வாசல், வண்டி ஏறும் இடம் மட்டும் ஹெச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பைப்புக்குள் ஆர்மர்டு கேபிளை விடுங்கள். மற்ற இடம் நேராக மண்ணில்.

ஓய்வு ஏஇ:
மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் இந்த இழையில் எல்லோரும் ஒயர் சைஸையும் பைப்பையும் பேசிக்கொண்டு, ஆளைக் கொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். “எர்த்துக்கு ஷெட்டிலேயே ஒரு ராடு அடித்தால் முடிந்தது.”

நம் வீடுகளுக்கு மின்வாரியம் கொடுப்பது பேஸும் நியூட்ரலும் மட்டும். எர்த் நாமே போட்டுக்கொள்வது. அதாவது மெஷின் பாடியில் பேஸ் பட்டால், கரண்ட் நம் எர்த் குழி வழியாக மண்ணில் இறங்கி, மண் வழியாகவே டிரான்ஸ்பார்மர் எர்த்துக்குப் போய்ச் சேர வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் ராடு 10 ஓம் (செம்மண்ணில் கோடையில் ஒற்றை ராடு 10 ஓம் கிடைத்தால் அதிர்ஷ்டம்), டிரான்ஸ்பார்மர் பக்கம் 2 ஓம். 230 வோல்ட்டை 12 ஓமால் வகுத்தால் 19 ஆம்பியர்.

நீங்கள் போடப் போவது 25 ஆம்பியர் எம்சிபி என்று வையுங்கள். 19 ஆம்பியரில் அது விழாது. ஒரு மணி நேரம் ஆனாலும் விழாது. சி டைப் எம்சிபி உடனே விழ வேண்டுமென்றால் அதன் ரேட்டிங்கைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு கரண்ட் வேண்டும்.

இப்போது அந்த 19 ஆம்பியரை உங்கள் 10 ஓம் ராடால் பெருக்குங்கள். 190 வோல்ட். டேபிள் சாவின் இரும்பு மேசை மேல் 190 வோல்ட் நின்றுகொண்டிருக்கும். மெஷின் ஓடும், லைட் எரியும், எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தெரியும். எர்த் போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் நீங்கள் ஈரக் கையை வைப்பீர்கள்.

ஆகவே, ஆர்சிசிபி, அதாவது கசிவு கண்டால் லைனை அறுக்கும் சுவிட்ச். ஷெட்டுக்கு 30 மில்லிஆம்பியர், டபுள் போல். அதற்கு எர்த் குழி 10 ஓமோ 50 ஓமோ கவலையில்லை, 30 மில்லிஆம்பியர் மண்ணுக்குள் கசிந்தாலே அறுத்துவிடும். கேபிள் மோசமாக இருந்தால் வோல்டேஜ் குறையும், பைப் மோசமாக இருந்தால் திரும்பத் தோண்டலாம். இது இல்லையென்றால் அடுத்த வாய்ப்பு கிடைக்காது.

இன்னொன்று. எர்த் கிடைக்கவில்லை என்று ஷெட் பிளக்கில் நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடும் ஆட்கள் உண்டு. அப்புறம் வழியில் எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் மெஷின் பாடி முழுக்கப் பேஸ். யாராவது அப்படிச் செய்யக் கண்டால் அவரை அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

மரத்தூள்:
சார், வாசித்ததும் டேபிள் சாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியென்றால் ஷெட்டில் ராடே வேண்டாமா? வீட்டு எர்த்தையே கொண்டுபோகலாமா?

ஓய்வு ஏஇ:
இரண்டும் வேண்டும். மூன்று கோர் (உள்ளே மூன்று ஒயர்) கேபிள் வாங்கி, மூன்றாவது கோரில் வீட்டு எர்த்தைக் கொண்டுபோங்கள். ஆர்மரை இரண்டு முனையிலும் கிளாண்டில் (கேபிள் முனையை இறுக்கிப் பிடிக்கும் பூட்டு) பிடித்து அதே எர்த்தில் சேருங்கள். ஷெட்டில் ஒரு எர்த் குழி போட்டு அதையும் அதே எர்த் பாரில் (எர்த் ஒயர் எல்லாம் சேரும் பட்டை) கட்டுங்கள். ஒரே இடத்துக்குள் இரண்டு எர்த் தனித்தனியாக நின்றால் இரண்டுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வரும். ஷெட்டின் இரும்புத் தூண், தகரக் கூரை எல்லாவற்றையும் அதே பாருக்கு இழுங்கள். தகர ஷெட்டில் இது விருப்பம் இல்லை, கட்டாயம்.

ஆர்சிசிபி எங்கே என்பதும் முக்கியம். ஷெட்டில் மட்டும் வைத்தால் நடுவில் மண்ணில் கிடக்கும் 35 மீட்டருக்குக் காவல் இல்லை. வீட்டில் மட்டும் வைத்தால் வெல்டிங் கேபிளில் ஒரு கசிவு என்றாலும் வீட்டு வரைக்கும் நடக்க வேண்டும். வீட்டுப் பக்கம் இந்த லைனுக்கென்று தனி எம்சிபியும், 100 மில்லிஆம்பியர் தாமத வகை ஆர்சிசிபியும். ஷெட்டில் 30 மில்லிஆம்பியர். இரண்டு இடத்திலும் 30 போட்டால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. வீட்டில் ஏற்கெனவே மெயினில் 30 இருந்தால், அதற்கு முன்னாலிருந்தே இந்த லைனைப் பிரித்தெடுங்கள்.

கோபி ஒயர்மேன்:
ஏஇ சார் சொன்ன மூன்று கோருக்கு ஒரு எச்சரிக்கை. நம் கடையில் கிடைக்கும் மூன்று கோர் ஆர்மர்டு கேபிளில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்றுதான் கலர் வரும். அது த்ரீ பேஸுக்கான கலர். பச்சையும் இருக்காது, கறுப்பும் இருக்காது. எது நியூட்ரல், எது எர்த் என்று இரண்டு முனையிலும் ஒரே ஆளே முடிவு செய்து கறுப்பு டேப், பச்சை டேப் சுற்ற வேண்டும். ஒரு முனையை ஒருவர், மறுமுனையை இன்னொருவர் முடித்தால் விபரீதம்தான்.

வாங்கும்போது கேபிள் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 2எக்ஸ்டபிள்யூஒய் என்றால் எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், காப்பர், கம்பி ஆர்மர். முன்னால் ஏ சேர்ந்திருந்தால் அலுமினியம். காப்பர் என்று சொல்லி ஏ போட்டதைத் தள்ளிவிடும் கடையும் உண்டு. ஐஎஸ்ஐ முத்திரையும் பாருங்கள்.

மாட்டுக்காரர்:
ஆழம் எவ்வளவு? நானும் மாட்டுக் கொட்டகைக்கு இழுக்கணும். தீவனம் வெட்டும் மெஷின் ஒன்று, கறவை மெஷின் ஒன்று.

ஓய்வு ஏஇ:
ஐஎஸ் 1255 படி லோ வோல்டேஜ் கேபிளுக்கு 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி. சாலை கடந்தால் ஒரு மீட்டர். மாட்டுக் கொட்டகை என்றால் ஆர்சிசிபியைப் பற்றிச் சொன்னதை இரண்டு முறை படியுங்கள். ஈரத் தரையில் நான்கு கால் ஊன்றி நிற்கிற பிராணி. நீங்கள் செருப்புப் போட்டுக்கொண்டு உணராத கசிவை மாடு உணரும். கறவை நேரத்தில் காரணமில்லாமல் உதைக்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குப் போகத் தயங்குகிறது என்றால் தொட்டியையும் சந்தேகப்படுங்கள். தொட்டிக் குழாய், கட்டுத்தறி இரும்பு, தரைக்கம்பி எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும்.

டொராண்டோ குளிர்:
யாழ்ப்பாணம், இப்போது கனடா. நான் பின்வளவு ஷெட்டுக்கு இழுத்தபோது இங்கே 60 சென்டிமீட்டர் ஆழம் கேட்டார்கள். முதலில் மின் பாதுகாப்பு அதிகார சபையில் பதிய வேண்டும், மூடுவதற்கு முன் அவர்கள் வந்து பார்ப்பார்கள். தோண்டுவதற்கு முன் ஒன்டாரியோ ஒன் காலுக்குச் சொன்னால் இலவசமாக வந்து காஸ், மின்சாரம், தொலைபேசிக் குழாய்கள் போகும் இடத்தைப் பெயின்ட் அடித்துக் காட்டிவிட்டுப் போவார்கள். உங்கள் வளவில் அதெல்லாம் யார் வந்து காட்டுவது?

கோபி ஒயர்மேன்:
வீட்டம்மாதான். செப்டிக் டேங்க் பைப் எங்கே, போர் தண்ணீர் லைன் எங்கே என்று அவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும்.

தென்னந்தோப்பு:
தென்னை பற்றி யாரும் சொல்லவில்லை. வேர் கேபிளை ஒன்றும் செய்யாது, எல்லாம் சல்லி வேர். ஆபத்து உரம் வைக்கிற ஆள். மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்தில் வட்டப்பாத்தி எடுத்துத்தான் உரம் வைப்போம், வருஷா வருஷம் அங்கே மண்வெட்டி விழும். கேபிளை மரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, இரண்டு வரிசைக்கு நடுவில் கொண்டுபோங்கள். நேர்கோட்டில் போனால் 35 மீட்டர், வளைந்து போனால் 40 ஆகும். ஆகட்டும்.

மரத்தூள்:
இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. சுவரோரமாகப் போனால் மரமே குறுக்கே வராது. மொத்தம் 41 மீட்டர். வோல்டேஜ் டிராப் கொஞ்சம் கூடும், 6 ஸ்கொயரில் தாங்கும் என்று நினைக்கிறேன்.

குழிக்குள் என்னவெல்லாம் போட வேண்டும்?

கோபி ஒயர்மேன்:
அடியில் கல் பொறுக்கிவிட்டு 8, 10 சென்டிமீட்டர் மணல். ஆற்று மணல் விலைக்கு நகை வாங்கலாம். சல்லடையில் சலித்த உங்கள் செம்மண்ணே போதும், கூர்மையான கல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அதன் மேல் கேபிள். விறைப்பாக இழுக்காமல் பாம்பு போல லேசாக நெளித்துப் போடுங்கள், மண் அசைந்தாலும் இழுபடாது. கரிசல் பூமிக்காரர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும், வெடித்து மூடுகிற மண் அது. மறுபடி அதே அளவு மணல். அதற்கு மேல் செங்கல்லைக் குறுக்கே அடுக்குங்கள். மீட்டருக்கு 9 கல் பிடிக்கும், 41 மீட்டருக்கு 370 கல். உடைந்த கல்லும் ஆகும். பிறகு பாதி மண் தள்ளி மிதித்துவிட்டு, தரைக்கு ஒரு அடி கீழே மஞ்சள் எச்சரிக்கை டேப். பின்னாளில் தோண்டுகிறவனுக்கு முதலில் டேப் வரும், பிறகு கல், அதற்குப் பிறகுதான் கேபிள்.

வளைவில் ஒடிக்காதீர்கள். கேபிள் தடிமனைப் போல 12 மடங்கு ஆரம் வேண்டும். உங்கள் கேபிள் 17, 18 மில்லிமீட்டர் இருக்கும், அப்படியென்றால் 20, 22 சென்டிமீட்டருக்குக் குறையாத வளைவு. வெட்டிய முனையை அன்றைக்கே டேப்பும் பிளாஸ்டிக் கவரும் சுற்றி மூடிவிடுங்கள். ஒரு ராத்திரி மழையில் திறந்து கிடந்தால் கோருக்குள் தண்ணீர் ஏறி உட்காரும்.

மூடுவதற்கு முன் 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துப் பாருங்கள், மூடிய பிறகு இன்னொரு முறை. புதுக் கேபிள் நூற்றுக்கணக்கில் மெகாஓம் காட்ட வேண்டும். முதலில் நன்றாகக் காட்டி, மூடிய பிறகு விழுந்தால் எங்கோ கல் குத்தியிருக்கிறது என்று அர்த்தம். கைவசம் மெகர் இல்லாத ஒயர்மேன் என்றால் மெகர் இருப்பவரைத் தேடுங்கள். லைசென்ஸ் உள்ள ஆள் செய்தால்தான் சட்டப்படியும் சரி.

குறுக்குக்கேள்வி:
அதே குழியில் சிசிடிவி, இன்டர்நெட் ஒயரும் போடலாமா?

கோபி ஒயர்மேன்:
போடலாம், ஒட்டிப் போடக் கூடாது. ஒரு அடி தள்ளித் தனி ஹெச்டிபிஇ பைப். இப்போது ஒயர் இல்லாவிட்டாலும் வெறும் பைப்பாவது போட்டு உள்ளே நைலான் கயிறு விட்டுவையுங்கள். இன்டர்நெட்டுக்கு ஃபைபர் போடுங்கள். காப்பர் ஒயர் போட்ட வீடுகளில் இடி விழுந்தால் ரௌட்டர், கேமரா பாக்ஸ் எல்லாம் சேர்ந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

மரத்தூள்:
கரண்ட் போனால் லைட் எரிய வீட்டு இன்வெர்ட்டர் லைனையும் கொண்டுபோக ஆசை. நான்கு கோர் வாங்கி, நான்காவதில் இன்வெர்ட்டர் பேஸ் விட்டு, நியூட்ரலைப் பொதுவாக வைத்துக்கொள்ளலாமா?

ஓய்வு ஏஇ:
கூடாது. போன கரண்ட்டும் திரும்பிய கரண்ட்டும் ஒன்றா என்று பார்ப்பதுதான் ஆர்சிசிபியின் வேலையே. இன்வெர்ட்டர் பேஸ் அதன் வழியாகப் போகாமல், நியூட்ரல் மட்டும் அதன் வழியாகத் திரும்பினால் கணக்கு உதைக்கும், விழுந்துகொண்டே இருக்கும். நான்கு நாள் பார்த்துவிட்டு “இது சனியன்” என்று யாராவது ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராக ஜாயிண்ட் அடிப்பார்கள். பாதி வீடுகளில் ஆர்சிசிபி போனது இப்படித்தான். பேட்டரி வைத்த எல்இடி பல்பு இரண்டு வாங்கி மாட்டுங்கள்.

மாட்டுக்காரர்:
வெல்டிங் மெஷினுக்கு 6 ஸ்கொயர் போதுமா? 200 ஆம்ஸ் என்று எழுதியிருக்குமே.

கோபி ஒயர்மேன்:
அது வெல்டிங் ராடு பக்கம் வருகிற ஆம்ஸ். 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு 80 ஆம்பியர் வைத்தால் சுவர் பிளக்கில் இழுப்பது 14, 15 தான். கேட், ஸ்டாண்டு என்று வீட்டு வேலைக்கு அது போதும். 200 வைத்து ஓட்டினால் உங்கள் சர்வீஸ் லோடே தாங்காது, பக்கத்து வீட்டு ஃபேனும் சுற்றாது.

குறுக்குக்கேள்வி:
மரத்தூள், ஒரு கேள்வி. கட்டில் செய்து விற்கிற எண்ணம் உண்டா? வீட்டு சர்வீஸில் தொழில் செய்தால் ஈபியில் பிடிப்பார்களே.

ஓய்வு ஏஇ:
பிடிப்பார்கள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126. எந்த வகைக்கு சர்வீஸ் வாங்கினோமோ அதை விட்டு வேறு வகைக்குப் பயன்படுத்தினால், பொருந்துகிற கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு போடுவார்கள். எப்போது தொடங்கியது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கு. சொந்த உபயோகம் என்றால் பயமில்லை. லோடு கூடுகிறதே, அதை மட்டும் எழுதிக் கொடுத்து உயர்த்திக்கொள்ளுங்கள். விற்க ஆரம்பிக்கிற அன்றைக்குத் தனி சர்வீஸ்.

மரத்தூள்:
விற்கிற அளவுக்கு என் கட்டில் நேராக நிற்பதில்லை சார்.

இதுவரை சொன்னதை வைத்து முடிவு செய்திருக்கிறேன். மூன்று கோர் 6 ஸ்கொயர் காப்பர் ஆர்மர்டு, 45 மீட்டர். சுவரோரமாக இரண்டரை அடிக் குழி, வண்டி வரும் இடத்தில் மட்டும் பைப். வீட்டில் 25 ஆம்பியர் டபுள் போல் எம்சிபி, 100 மில்லிஆம்பியர் தாமத ஆர்சிசிபி. ஷெட்டில் சின்ன டிபி, 30 மில்லிஆம்பியர், மெஷினுக்கு ஒன்று, வெல்டிங்குக்கு ஒன்று, லைட்டுக்கு ஒன்று எம்சிபி. ஷெட்டில் எர்த் குழி, தூணும் தகரமும் அதில். பக்கத்தில் வெறும் பைப் ஒன்று. ஒயர்மேனிடம் காட்டினேன். முகத்தைத் தூக்கினார், பிறகு “மெகர் நம்ம மச்சான்கிட்ட இருக்கு” என்றார்.

ஓய்வு ஏஇ:
லைட்டை மட்டும் தனி ஆர்சிசிபியில் போடுங்கள். சா ஓடிக்கொண்டிருக்கும்போது கசிவில் எல்லாம் சேர்ந்து விழுந்தால், பிளேடு நிற்பதற்குள் இருட்டாகிவிடும். அது ஆபத்து. மாதம் ஒருமுறை டெஸ்ட் பட்டனையும் அமுக்குங்கள்.

கோபி ஒயர்மேன்:
குழியை மூடுவதற்கு முன் டேப்பை நீட்டி வைத்து, சுவரிலிருந்து எத்தனை அடி, ஆழம் எத்தனை என்று தெரிகிற மாதிரி வளைவுக்கு வளைவு போட்டோ எடுங்கள். அதை பிரிண்ட் போட்டு ஷெட் டிபி கதவுக்குள் ஒட்டிவிடுங்கள், போனில் வைத்தால் போனோடு போய்விடும்.

மரத்தூள்:
ஷெட்டில் கேபிள் மண்ணை விட்டு மேலே ஏறுகிற இடத்தில் அப்படியே சுவரில் கிளிப் அடிக்கலாமா?

கோபி ஒயர்மேன்:
தரைக்கு ஒரு அடி கீழிருந்து ஆள் உயரம் வரைக்கும் ஜிஐ பைப்புக்குள் விடுங்கள். பைப் வாயில் பிசிர் இல்லாமல் அரம் போடுங்கள், இல்லையென்றால் அதுவே கேபிளைக் கீறும். மேல் வாயைச் சீலண்ட் வைத்து அடையுங்கள், குளவி கூடு கட்டும். பைப்புக்கும் எர்த் கொடுங்கள். கீழே ஒரு மீட்டர் கேபிளைச் சுருட்டி மண்ணுக்குள்ளேயே விட்டுவையுங்கள், பின்னால் டிபியை இடம் மாற்றினால் உதவும். கிளாண்ட் டபுள் கம்ப்ரஷன் வாங்குங்கள், டிபிக்கு அடிப்பக்கமாக ஏற்றுங்கள். மேல்பக்கம் ஓட்டை போட்டால் மழை நேராக பாருக்கே இறங்கும்.